சிப்பிக்காலனியின் சொரசொரப்பு

சிப்பிக்காலனியில் பிறந்து வளர்ந்தவர்களை உலகத்தின் எந்த மூலையில் பார்த்தாலும் முழங்கையை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். அங்கே வீடுகளின் உள்சுவரும் சீலிங்கும் அப்படிப்பட்டவை. ஓடிப்பிடித்து விளையாடுகிற பிள்ளையானாலும், குடத்தோடு அடுக்களைக்குள் திரும்புகிற பெண்ணானாலும், கரண்ட் போன நேரத்தில் தீப்பெட்டி தேடுகிற ஆம்பளையானாலும், சுவருக்குக் கொஞ்சம் தோலைக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கவேண்டும். அந்தக் காலனிக்கு மருமகளாக வருகிற பெண்ணுக்குத் தாய்வீட்டில் புத்தி சொல்லும்போது, மாமியாரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு முன்னால், சுவரோரமாக எப்படி நடப்பது என்பதைத்தான் சொல்லி அனுப்புவார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, பஸ் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகிற ஒற்றைத் தெருதான் காலனி. கட்டியவர் வெயிலுகந்தபெருமாள் என்கிற காண்ட்ராக்டர். அவர் ஒருமுறை மெட்ராசுக்குப் போயிருந்தபோது பஸ் ஜன்னல் வழியாக ஒரு பங்களாவைப் பார்த்து மயங்கிப்போனார். அதன் வெளிச்சுவரில் கலவையோடு சிப்பித்தூளும் பொடிக்கல்லும் சேர்த்து அள்ளி எறிந்து, வெயில் பட்டால் மினுங்குகிற மாதிரி செய்திருந்தார்கள். வெளியே இப்படியென்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று ஊர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்து, உள்ளேயும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, காலனியின் எல்லா வீட்டிலும் படுக்கிற அறை, அடுக்களை, சாமி அலமாரி, சீலிங் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் எறியச் சொல்லிவிட்டார். வீடு வாங்கினவர்களிலும் பங்களாவுக்குள் போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லாததால், பெரிய இடத்தில் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று எல்லோரும் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள்.

நாற்பது வருஷம் பொறுத்த பிறகு அதை முதலில் வேண்டாமென்று சொன்னவர் பலசரக்குக் கடை தவமணி அண்ணாச்சி. காலனிச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவர் வீட்டு சீலிங்கில் ஒட்டடை அடித்தால் ஒட்டடை வராது, விளக்குமாற்றின் ஈர்க்குகள்தான் மேலே மாட்டிக்கொண்டு தொங்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்து அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே ஒரு விளக்குமாற்றுக் கடை இருக்கும். ஊரில் பெரிய கொத்தனாரான அருளப்பன் மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினார். அருளப்பன் பார்த்துவிட்டு, பழைய பூச்சு முழுவதையும் உளி வைத்துக் கொத்தி எடுத்தால்தான் ஆகும், அதுவரை குடும்பத்தோடு வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல, அண்ணாச்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல்தான் அவர் சுடலைவடிவுக்கு ஆள் அனுப்பினார்.

சுடலைவடிவு அந்தச் சுற்றுவட்டாரத்தில் கொத்தனார் கரண்டி பிடித்த ஒரே பெண். சித்தாளாகச் சட்டி சுமக்க வந்தவள், கொத்தனார்கள் சாப்பிடப் போன நேரங்களில் அவர்கள் விட்ட இடத்திலிருந்து பூசிப் பூசிக் கையைத் தேற்றிக்கொண்டவள். ஆனால் பெண் கை பட்ட பூச்சு நிற்காது என்று கொத்தனார்கள் மத்தியில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. அதனால் அவளுக்கு வந்ததெல்லாம் கக்கூஸ் சுவர், கோழிக்கூடு, தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம், யாரும் திரும்பிப் பார்க்காத பின்சுவர் இவைதான். தற்பெருமை பேசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தான் பூசிய தொட்டிக்குள் மீன் விட்டால் சுவரில் முகம் பார்த்துக்கொண்டே இரை தின்ன மறந்துவிடும் என்பாள். என்ன பேசி என்ன, தொட்டிக்குள் தலையை விட்டு யார் பார்க்கப்போகிறார்கள்? வாசல் முதல் சீலிங் வரை ஒரு முழு வீட்டைத் தன் கையால் பூசி முடிக்கவேண்டும், வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து இது யார் கை என்று கேட்கவேண்டும், அதற்குத் தன் பெயரைப் பதிலாகச் சொல்லவேண்டும். அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியது அது ஒன்றுதான்.

அவளுக்குச் சித்தாள் அவள் புருஷன் இசக்கிமுத்து. பெண்டாட்டிக்குக் கலவை சுமப்பதில் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. டீக்கடையில் போய் நின்றால், எங்க கொத்தனாருக்குச் சீனி கம்மி என்று நாலு பேர் காதில் விழச் சொல்லித்தான் வாங்கிவருவான்.

வடிவு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். சீலிங்கை அண்ணாந்து பார்த்தாள். கொத்தவெல்லாம் வேண்டாம், நல்ல பிடிமானம், மேலேயே ஒரு பூச்சுப் பூசிப் பட்டி இழைத்து வழவழப்பாக்கிவிடலாம், நீங்கள் கட்டிலைக்கூட நகர்த்தவேண்டாம் என்றாள். பிறகு சாரம் கட்டி ஏறினவள், வேலை முடிகிறவரைக்கும் அண்ணாந்த கழுத்தைக் கீழே இறக்கவில்லை. சோறு தின்னும்போதும் சீலிங்கைப் பார்த்தபடியே தின்றாள். முடித்து இறங்கியபோது அண்ணாச்சி வீட்டுச் சுவர்கள் ஆட்டி வழித்த உளுந்தமாவைப் போல் இருந்தன. கை வைத்தால் கை வழுக்கியது. அண்ணாச்சியின் மனைவி செல்வக்கனி சுவரில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் எதன் மேலும் சாய்ந்ததில்லை. தெருவே வந்து தரையில் வரிசையாகப் படுத்து சீலிங்கைப் பார்த்துவிட்டுப் போனது.

பட்டி நன்றாகக் காய்ந்த மத்தியானத்தில், அண்ணாச்சி வீட்டுச் சொரசொரப்பு கிளம்பி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த வீட்டு எஸ்தரம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தால், அவள் வீட்டுச் சுவரில் ஒரு பொடிக்கல் மணிக்குப் பக்கத்தில் இன்னொரு மணியாக முளைத்துக்கொண்டிருந்தது. அவள் மீதித் துணியையும் மடித்து வைத்துவிட்டு, முகம் கழுவி, அண்ணாச்சி கடைக்குப் போய், ஒங்க வீட்டுச் சொரசொரப்பு எங்க வீட்டுல வந்து இருக்கு என்று மரியாதையாகச் சொன்னாள். அவரும் அதே மரியாதையோடு, நான் ஒன்றும் அனுப்பவில்லை, தானாக வந்திருக்கும் என்றார். வேலி தாண்டிய கோழியைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். பேச்சின் முடிவில் எஸ்தரம்மாளும் வடிவைக் கூப்பிடுவது என்று ஆயிற்று.

எஸ்தரம்மாள் வீட்டை வடிவு பூசி முடிக்க, இரண்டு வீட்டுச் சொரசொரப்பும் சேர்ந்து மூன்றாவது வீட்டுக்குப் போனது. மூன்றாவது வீட்டை முடிக்க, மூன்றும் சேர்ந்து நாலாவதுக்குப் போனது. இப்படியே தெருவின் உள்கோடியிலிருந்து பஸ் ரோட்டை நோக்கி, வீடு மாற்றிப் போகிற குடும்பம் சட்டிபானையைச் சேர்த்துக்கொண்டே போவதைப் போல, அது சேர்ந்து சேர்ந்து நகர்ந்தது. கடுகாக இருந்த மணி பட்டாணியாகி, பட்டாணி நெல்லிக்காயாகி, கடைசிக்கு முந்தின வீட்டுக்கு வந்தபோது சுவர் பலாப்பழத் தோலாக இருந்தது.

காலனி இதற்கெல்லாம் மலைத்துப்போய்விடவில்லை. காலையில் பால் வாங்க வருகிறவர்கள், சொரசொரப்பு இப்ப யார் வீட்டுல என்று கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். எந்த வீட்டில் அது தங்கியிருக்கிறதோ அந்த வீட்டுக்கு ஒரு தனி மதிப்பு வந்தது. பெண்கள் தேங்காய் மூடியோடு போய்ச் சுவரில் துருவிக்கொண்டு வந்தார்கள். மீன்காரிகள் செதில் உரசினார்கள். பித்தவெடிப்புக்காரர்கள் சாயங்காலம் வரிசையில் நின்று குதிகாலைத் தேய்த்துக்கொண்டதில், கொஞ்ச நாளில் அந்த வட்டாரத்திலேயே சிப்பிக்காலனிப் பெண்களின் குதிகாலைப் போல வழவழப்பான குதிகால் கிடையாது என்று பெயர் பரவிவிட்டது. முதுகு அரிக்கிற கிழவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஒதுக்கப்பட்டது. யார் வீட்டிலாவது எருமை நுழைந்து உரசினால் மட்டும் சங்கம் கண்டித்தது. விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் போன் செய்து, அது இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அதற்கேற்ப முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

வடிவுக்கோ அது ஒரு பொற்காலம். முழு வீடு ஒன்று வேண்டுமென்று ஏங்கியவளுக்குத் தெருவே வரிசை கட்டி வந்து விழுந்தது. காலையில் கரண்டிப் பையை இசக்கிமுத்துவிடம் கொடுத்துவிட்டுத் தெரு நடுவில் கைவீசி நடந்துவருவாள். முடித்த வீடுகளில் எட்டிப் பார்த்து, என்னத்தா, எங்கயாவது ஒரு மயிர்க்கோடு விழுந்திருக்கா, இருந்தா காட்டு என்று வம்புக்கு இழுப்பாள். காட்ட ஒன்றும் இருக்காது. அந்த நடையில் தப்பு ஒன்றுமில்லை, அதற்கு அவள் வருஷக்கணக்கில் கழுத்தை வளைத்திருக்கிறாள்.

ஆனால் அருளப்பன் மேஸ்திரி டீக்கடையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னார். பெண் பூசியது ஒட்டவில்லை, அதனால்தான் வீடு வீடாக நடக்கிறது என்றார். கடைசி வீட்டுக்கு வந்த பிறகு அதற்குப் போக இடமில்லை. திரும்பி வந்த வழியே வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். அந்தக் கேள்வி பலாத்தோல் சுவரைவிட அதிகமாக எல்லோரையும் கீறிவிட்டது. வழவழப்பில் சாய்ந்து பழகிவிட்ட முதுகுகள். தாங்கள் இழந்த தோலெல்லாம் நினைவுக்கு வர, கடைசி வீட்டை வடிவிடம் கொடுக்கலாமா என்று சங்கத்தில் பேச்சு எழுந்தது.

கடைசி வீடு நர்ஸ் மரியபாக்கியத்தின் வீடு. அவள் மகள் முதல் பேறுகாலத்துக்கு வரப்போகிற நேரம். பிறக்கிற குழந்தையை அந்தச் சுவர்களுக்கு நடுவில் எப்படிப் போடுவது? ஆகவே வேலை சரியாக நடக்கவேண்டும், சீக்கிரம் நடக்கவேண்டும், அருளப்பனே செய்யட்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. தவமணி அண்ணாச்சிதான் வந்து சொன்னார். ஒன் வேலையில குத்தம் சொல்லல வடிவு, இருந்தாலும் பயமா இருக்குல்லா என்றார். குற்றம் சொல்லவில்லை என்று சொல்லிச் சொன்ன குற்றம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு அவள் கடைசிக்கு முந்தின வீட்டில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். தெரு முழுக்கப் பூசியும், ஒரு வீடு மிச்சமிருக்க, பெண் கை நிற்காது என்ற பேச்சோடு இறங்கிப் போகவேண்டும். அவளுக்கு அழுகை வந்தது. அழுகிற முகத்தைக் கீழே நிற்கிறவர்களுக்குக் காட்டாமல் இருக்க சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்படி நின்றபோதுதான் அவள் கவனித்தாள். இன்னும் பூசாமல் மிச்சமிருந்த ஒரு கை அகலத்தில், மணிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. இடக்கையால் எறிந்தால் மட்டும் விழுகிற சாய்வு அது.

காலனி கட்டிய காலத்தில் கொத்தனார்கள் இந்த வேலையைத் தொடவில்லை. கரண்டியால் இழைத்துப் பூசுவதுதான் வேலை, அள்ளி எறிவதெல்லாம் ஒரு வேலையா, சித்தாள் பெண்களே எறியட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெண்கள் வரிசையாக நின்று எறிந்தார்கள். சீலிங்குக்கு எறிந்ததில் பாதி அவர்கள் தலையிலும் வாயிலும் விழுந்தது. அந்த வரிசையில் கடைசியாக, அப்போதுதான் தாவணி போட்ட வயதில், நொட்டாங்கை என்று எல்லோரும் கேலி பண்ண, அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து எறிந்தவள் வடிவு. மற்றப் பெண்கள் எறிந்ததெல்லாம் பூச்சுக்கு அடியில் சமத்தாக அடங்கிவிட்டது. அடங்காமல் வீடு வீடாக நடந்தது அவள் எறிந்தது மட்டும்தான்.

அந்தக் கை அகலத்தையும் அவள் பூசி முடிக்க, பட்டி காய்ந்ததும் சொரசொரப்பு கடைசி வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் மரியபாக்கியம் வீட்டில் தெரு கூடியிருந்தது. அருளப்பன் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். ஒரு பொடி விழவில்லை. உளி மழுங்கியது. வேறு உளி எடுத்தார், அதுவும் மழுங்கியது. சுவர் அப்படியே நின்றது. வேர்த்து வழிந்து, மூச்சு வாங்க, அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எவன்யா இத எறிஞ்சான்?"

ராத்திரியே அவள் சொல்லி விஷயம் தெரிந்திருந்த இசக்கிமுத்து பெண்டாட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். பேசாமல் இருந்துவிட்டால் அருளப்பன் தோற்றதோடு போகும், நாளைக்கே தேடி வருவார்கள். வாயைத் திறந்தால் தெருவைப் படுத்திய பாடு முழுவதும் இவள் தலையில் வந்து விடியும். அது வடிவுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவளுக்குப் பெருமை பொறுக்கவில்லை.

"எவனும் இல்ல. நான்" என்றாள்.

கூட்டம் திரும்பியது. தவமணி அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "அப்பம் இந்தக் கூத்தெல்லாம் ஒன் கைவேலையா?" என்று கேட்டார்.

"என் கைவேலைதான் அண்ணாச்சி. நாப்பது வருசமா ஒரு மணி உதிரல. பொம்பள கை நிக்காதுன்னு சொன்னீய. நின்னத இன்னைக்கு ஒங்களால எறக்க முடியல."

அருளப்பன் மழுங்கிய உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடிவு முன்னால் வந்து, தான் எறிந்ததைத் தானே அழிக்கமுடியாது, அழிக்கப் போவதுமில்லை, அதற்குப் போக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் என்றாள். இந்த வீட்டுக்கு அப்புறம் ரோட்டோரத்தில் ஒரு சுவர் எழுப்பிக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எதற்கும் ஆகாத சுவர் ஒன்றைக் காலனிச் செலவில் கட்டுவதா என்று முனகல் எழுந்தது. மரியபாக்கியம் எழுந்து, தன் பேரப்பிள்ளை அந்த முனகலையெல்லாம் கேட்டுக்கொண்டு வயிற்றுக்குள் காத்திருக்காது என்று சொன்னபிறகு அடங்கியது. செங்கல் வந்தது. சுவரைக் கட்ட நானே வருகிறேன் என்று அருளப்பன் சொன்னார். ஏனென்று யாரும் கேட்கவில்லை. தூக்குக்குண்டு விட்டு, நேர் பார்த்து, ரோட்டைப் பார்த்தபடி ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, பஸ் நீளத்துக்கு ஒரு செங்கல் சுவரைப் பூச்சில்லாமல் எழுப்பி நிறுத்தினார்.

மரியபாக்கியத்தின் வீட்டை வடிவு பூசினாள். அதுவரை பூசிய வீடுகளெல்லாம் இதற்குப் பழக்கம் பார்த்துக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. பட்டி காய்கிற மத்தியானம் தெருவே ரோட்டோரத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதலில் சத்தம் வந்தது. பிறகு வீட்டுக்குள்ளிருந்து வாசலைத் தாண்டி, மண்ணில் ஒரு தடம் விடாமல், காலனியின் மொத்தச் சொரசொரப்பும் வந்து செங்கல் சுவரில் ஏறியது. நெல்லிக்காய்களும் பட்டாணிகளும் கடுகுகளுமாக அடுக்கடுக்காக ஏறி, ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து, எல்லாம் இடமிருந்து ஒரே சாய்வாகச் சாய்ந்து நிலைத்தபோது, சிப்பித் துணுக்குகளில் உப்பளத்து வெயில் பட்டுச் சுவர் முழுக்க மினுங்கியது. வெயிலுகந்தபெருமாள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து மயங்கிய மினுக்கம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. இதற்குத்தான் இது பிறந்தது, இத்தனை காலமும் இருட்டு அறைகளுக்குள் வைத்திருந்தோம் என்று எஸ்தரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அருளப்பன் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையில் லேசாக ரத்தம் வந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இது விழாது கொத்தனாரே" என்று வடிவிடம் சொன்னார். அவருடைய வாயிலிருந்து அந்தச் சொல் அவளை நோக்கி வந்தது அதுதான் முதல்முறை.

மரியபாக்கியத்துக்குப் பேத்தி பிறந்தாள். சுவர் நின்றது. புயல் ஒன்று வந்து மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது, சுவர் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் அதன் நிழலில் நின்றார்கள்; நிற்கிற இடத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது; சிப்பிக்காலனி என்று சொல்வதை விட்டுவிட்டு ஜனங்கள் வேறொன்றைச் சொல்லத் தொடங்கினார்கள், அதை மினிபஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் வடிவு டவுனில் பட்டித்தகடு வாங்கிக்கொண்டு மினிபஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் புதுப் பையன். உப்பளம் தாண்டியதும், "வடிவு சுவரு எறங்குங்க" என்று குரல் கொடுத்தான். அவள் எழுந்திருக்கவில்லை. என்ன ஸ்டாப்பு தம்பி என்று கேட்டாள். வடிவு சுவரு என்றான். காதுல சரியா விழலய்யா என்றாள். அவன் விசிலை ஊதி நிறுத்திவிட்டு, வண்டி முழுக்கக் கேட்கும்படி, "வடிவு சுவரு, வடிவு சுவரு" என்று கத்தினான். முன்சீட்டில் கல்யாணத்துக்குப் போகிற வெளியூர்க்காரி ஒருத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கண் கூசி, இது யார் கை வேலை, யாரது வடிவு என்று கேட்டாள். அந்தக் காலத்துக் கொத்தனார் ஒருத்தராம், எறிஞ்சுட்டுப் போயிட்டாராம் என்றான் கண்டக்டர்.

வடிவு அவசரப்படவில்லை. பட்டித்தகட்டை எடுத்து, சேலையை உதறி, ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துப் படிக்கு வந்து, ஒரு கால் தரையில் இருக்கத் திரும்பி நின்றாள்.

"எறிஞ்சவ எங்கயும் போகல. ஒங்க ஊர்ல சீலிங் இருந்தா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.